சாப்பாட்டுப் பெட்டியில் ஒன்பது பேர்

மசகு எண்ணெய்த் தாங்கியின் அடியில் என்ன இருக்கும் என்று என்னிடம் கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்டவர்களும் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனாலும் அதைச் சொல்லாமல் இதைத் தொடங்க முடியாது. நிலத்திலிருந்து எடுத்தபடி, சுத்திகரிக்காமல் கப்பலில் வரும் மசகு எண்ணெய்க்குள் தண்ணீரும் மணலும் துருவும் மெழுகும் கலந்தே வரும். தாங்கியில் சில நாள் அசையாமல் விட்டால் தண்ணீர் கீழே இறங்கும். அதற்கும் கீழே மண்டி படியும். தண்ணீரை அடி வால்வைத் திறந்து அவ்வப்போது வடித்துவிடலாம். மண்டி வடியாது. அது வருடக்கணக்கில் சேர்ந்து முழங்கால் அளவுக்கு வந்த பிறகு, எண்ணெயை வேறு தாங்கிக்கு மாற்றி, பக்கத்து மூடியைக் கழற்றி, நாட்கணக்கில் காற்றடித்து, ஆட்களை உள்ளே விட்டுத்தான் வாரியெடுக்க வேண்டும்.

நான் உள்ளே போகிற ஆள் இல்லை. அந்த வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்த ஒரு முதலாளியிடம் கிளாக்கராக இருந்தேன். அது யுத்த காலம். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, இரண்டு வயது மகள். என் மனைவியின் உறவினர்கள் எல்லோரும் நான் ‘எண்ணெயில் வேலை’ என்று மட்டும் அறிந்திருந்தார்கள். கழுத்துப் பட்டியும் குளிரூட்டிய அறையும் அவர்களாகவே எனக்குக் கொடுத்தவை. நான் திருத்தப் போகவில்லை.

உண்மையில் என் உத்தியோகம், தாங்கியின் பக்கத்தில் இருந்த வட்டமான ஓட்டைக்கு வெளியே ஒரு கவிழ்த்த பீப்பாயில் உட்கார்ந்திருப்பது. உள்ளே போகிறவர்களை எண்ண வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்து, உள்ளேயிருந்து பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும். வெளியே வருகிறவர்களையும் எண்ண வேண்டும். உள்ளே மிஞ்சியிருக்கிற வாயு எந்த நேரமும் ஆளைச் சுருட்டிவிடும் என்பதால் அந்த இடத்தை விட்டு ஒரு நிமிடமும் எழும்பக் கூடாது. உயர்தரம் வரை தூய கணிதம் படித்துவிட்டு, நான் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது பேர்தான் எங்கள் கூட்டம். ஐந்து தமிழர், இரண்டு சிங்களவர், கிராண்ட்பாஸிலிருந்து வரும் முஸ்லிம் சகோதரர்கள் இருவர். ஒன்பது பேருக்கும் தலைவராக இருந்த தமிழர் ஜிந்துப்பிட்டியில் குடியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த, குறைவாகப் பேசுகிற மனிதர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்தவர். மற்றவர்கள் அவரைப் பகிடியாகக் கங்காணி என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வடிக்கும் நாட்களில் வால்வுக்குப் பக்கத்தில் அவர்தான் நிற்பார். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு பசை இருந்தது. பித்தளைக் குண்டு கட்டிய நாடாவில் பூசி மேலேயிருந்து இறக்கினால், தண்ணீர் பட்ட அளவுக்கு நிறம் மாறி வரும். நான் மூச்சு வாங்க ஏணியேறி, நாடாவை இறக்கி, எடுத்து, வாசித்து, கணக்குப் போட்டு, “இன்னும் ஏழு அங்குலம்” என்று மேலேயிருந்து கத்துவேன். அவர் வால்வில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஆறுதாங்க இருக்கும்” என்பார். ஆறுதான் இருக்கும். இதனால் எனக்கு அவர்மேல் ஒரு சின்னக் கோபம் எப்போதும் இருந்தது.

இனி அடையாள அட்டைக்கு வருகிறேன். தாங்கிக்குள் போகும்போது உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது. நெருப்புப் பெட்டி, மணிக்கூடு, சில்லறை, பெல்ட் எல்லாம் வெளியே. ஆட்களை எண்ணுவதற்குப் பித்தளையில் இலக்கத் தகடு செய்து தரும்படி முதலாளியிடம் கேட்டேன். “பாப்பம், பாப்பம்” என்றார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தகடு வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஒவ்வொருவரிடமும் தகடு ஒன்று இருக்கத்தான் செய்தது. படுத்தாலும் எழும்பினாலும் சட்டைப் பையை விட்டு இறங்காத அடையாள அட்டை. உள்ளே போகிறவர் தன் அட்டையை என்னிடம் தருவார். என் கையில் எத்தனை அட்டையோ உள்ளே அத்தனை ஆள். வெளியே வந்து, மண்ணெண்ணெயிலும் பிறகு சவர்க்காரத்திலும் கைகழுவித் துடைத்த பிறகுதான் அட்டையைத் திருப்பிக் கொடுப்பேன். கழுவாத கையால் தொட்டால் அட்டை கறுத்துவிடும். கறுத்த அட்டையோடு சோதனைச் சாவடியில் நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை.

அட்டைகளை வைக்க இறுக்கமான மூடியுள்ள பெட்டி தேவைப்பட்டது. என் மனைவி புறக்கோட்டையில் ஒன்றுபோல இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகள் வாங்கியிருந்தாள். ஒன்றில் என் மத்தியானச் சாப்பாடு வரும். மற்றதை அவளுக்குத் தெரியாமல் வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன்.

கங்காணிக்கு அட்டையைத் தருவதென்றால் பெரிய பாடு. மலைநாட்டுத் தமிழரிடமிருந்து பறித்த பிரசாவுரிமையைத் திரும்பப் பெற அவருடைய தகப்பன் காலத்தில் தொடங்கிய அலுவல் அவருடைய நாற்பதாவது வயதுக்குப் பிறகுதான் முடிந்ததாம். அதன் பின்னர் கிடைத்த அட்டை. இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதைச் சுற்றி ஒரு துணியும் கட்டியிருப்பார். எட்டுப் பேரும் கொடுத்து முடிந்த பிறகு, கடைசியாக, துணியை அவிழ்த்து நீட்டுவார். நான் மூடியைப் பூட்டும் வரைக்கும் அங்கேயே நிற்பார். வெளியே வந்ததும் முதலில் கைகழுவி வந்து நிற்பவரும் அவர்தான்.

“அண்ணன், நான் உதைத் தின்னமாட்டன்” என்பேன்.

“தெரியுங்க” என்பார். ஆனாலும் நிற்பார்.

“ஒரு பாலும் பழமும் வைச்சுக் கும்பிட்டிட்டுத் தாங்கோவன்” என்று ஒருநாள் சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் மெல்லச் சிரித்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரமும் பாடசாலை அதிபரின் கடிதமும் கொடுத்து இரண்டே மாதத்தில் அட்டை எடுத்த எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒன்றாக வேலை செய்த நாலு வருடமும் அவரைக் கேலி செய்தேன்.

நான் சொல்ல வந்த நாள் ஒரு போயாவுக்கு, பௌர்ணமி விடுமுறைக்கு, முந்திய நாள். பகல் இரண்டு மணிக்கு ஒன்பது பேரும் உள்ளே இருந்தார்கள். ஒன்பது அட்டையும் பெட்டிக்குள் இருந்தன. காவலுக்கு நின்ற ஒருவர் வேலியோரம் தனியாக ஒரு பை கிடப்பதைக் கண்டுவிட்டார். பை தனியாகக் கிடந்தால் குண்டு என்று எடுத்துக்கொள்ளும் காலம். அதுவும் எண்ணெய்த் தாங்கிகளுக்கு நடுவில். சங்கு ஊதியது. எல்லோரையும் பத்து நிமிடத்தில் வெளியேறச் சொன்னார்கள். நான் ஓட்டைக்குள் தலையை விட்டுக் கத்தினேன். ஒவ்வொருவராக வந்தார்கள். எண்ணினேன். ஒன்பது. அந்த மட்டில் என் கடமையைச் சரியாகத்தான் செய்தேன்.

கைகழுவ நேரமில்லை. தலையிலிருந்து கால்வரை மண்டியோடு அவர்களை முதலாளியின் லொறியில் ஏற்றினார்கள். லொறி கிராண்ட்பாஸ் பக்கமாகப் பறந்தது. என்னை அலுவலகத்துக்கு ஓடிப்போய் உள்நுழைவு அனுமதித் தாளை ஒப்படைக்கச் சொன்னார்கள். பீப்பாய்க்கருகில் இரண்டு பெட்டி இருந்தது. ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். தாளைக் கொடுத்தேன். மற்ற வாசலால் வெளியே வந்து பஸ் எடுத்தேன். பிறகு கேள்விப்பட்டோம், வேலியோரப் பையில் இருந்தவை இரண்டு தேங்காய்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அட்டையைப் பார்த்த இராணுவப் பையன் என்னுடைய பையைத் திறக்கக் கை வைத்தான். மண்டியின் நாற்றம் அவனுக்கு அடித்திருக்க வேண்டும். “அப்போ, கந்தய்! யன்ன, யன்ன” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, நாறுது போ என்று சிங்களத்தில் என்னைத் துரத்தினான். வெங்காயம் அழுகியது போன்ற அந்த நாற்றத்துக்காக அதுவரை நான் வெட்கப்பட்டிருக்கிறேன். அன்று நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கப்படி வாசலிலேயே மறிக்கப்பட்டேன். சட்டையைக் கழற்றி வாளிக்குள் போட்டு, குளித்து, வேறு சட்டை போட்ட பிறகுதான் மகளைத் தூக்க அனுமதி. நான் குளித்துவிட்டு வரும்போது மனைவி குசினியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்டாள். “ஆக்களையோ?”

எட்டிப் பார்த்தேன். மேலே கிடந்த அட்டையிலிருந்து கங்காணி என்னைப் பார்த்தார். புகைப்படத்திலும் அவருக்கு என்மேல் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

பெட்டியை வாங்கி எண்ணினேன். ஒன்பது. நாளை போயா, வேலை இல்லை. அதற்கடுத்த நாள் ஞாயிறு. இரண்டு நாளைக்கு ஒன்பது பேரும் அட்டை இல்லாமல் இருக்க வேண்டும். சிங்களவர் இருவரும் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். முஸ்லிம் சகோதரர்களையும் ஊரில் தெரியும். ஆனால் ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளில் விடியற்காலையில் திடீரென்று சுற்றி வளைத்து வீடுவீடாகச் சோதிப்பது அந்த மாதங்களில் வழக்கமாகியிருந்தது. அட்டை காட்ட முடியாத தமிழனை ட்ரக்கில் ஏற்றுவார்கள். அவன் எங்கே போனான், எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்காரர் மாதக்கணக்கில் அலைவார்கள். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிய வேண்டியிருக்கவில்லை. எங்கள் மாடியிலேயே அப்படி ஒரு தாய் இருந்தாள்.

கீழேயிருந்த தொலைபேசிக் கடைக்கு, கொமியுனிகேஷனுக்கு, போய் முதலாளிக்கு அழைத்தேன். “திங்கக்கிழமை குடுங்கோவன்” என்றார். அவருடைய அட்டை அவருடைய பையில் இருந்தது.

“நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

“ஓம், கொண்டுபோய்க் குடுங்கோ” என்றாள். “அதுகள் வீட்டில பொம்பிளையள் இப்ப என்ன பாடுபடுகுதுகளோ. ஒளிச்சுக் கொண்டு போகாதையுங்கோ. கேட்டா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.”

அது நல்ல புத்திமதிதான். அவள் எனக்குச் சொன்ன நல்ல புத்திமதிகளில் என்னை மிக மோசமாக மாட்டிவிட்டது அதுதான்.

மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். அன்று பார்த்து வழியில் ஒருவரும் மறிக்கவில்லை. நேரம் நல்லாயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் இறங்கி நடந்தேன். மாலை ஐந்தரை இருக்கும். ஜிந்துப்பிட்டிப் பக்கம் திரும்பும் தெருமுனையில், முதல்நாள் வரை இல்லாத ஒரு சாவடி. மணல்மூட்டை, தகரக் கூரை, மேசை, உட்கார ஒரு மர வாங்கு. அடையாள அட்டை கேட்டார்கள். நானும் சர்வசாதாரணமாகச் சட்டைப் பைக்குள் கைவிட்டேன்.

வெறும் பை. அது வேறு சட்டை. என் அட்டை வெள்ளவத்தையில், வாளிக்குள், சவர்க்காரத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

“ஐடென்டிட்டி எக்க?” என்று மறுபடி கேட்டார் மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன். நரைத்த மீசை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. களைத்துப்போன ஒரு பாடசாலை அதிபரைப் போல இருந்தார்.

“என்னுடையது இல்லை, சேர்” என்றேன் சிங்களத்தில். “ஆனால் வேறு ஒன்பது இருக்கிறது.”

நான் அப்படிச் சொன்னேன் என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துவிடும். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னவள் அவள்தானே.

சாவடியில் இருந்த துவக்குகள் எல்லாம் ஒருமுறை அசைந்தன. பெட்டியைத் திறந்து அட்டைகளை அடுக்காக மேசையில் வைத்தார்கள். இவர்கள் யார் என்று சார்ஜன் கேட்டார். உள்ளே வேலை செய்கிறவர்கள் என்றேன். எதற்கு உள்ளே? தாங்கிக்கு உள்ளே. என்ன தாங்கி? எண்ணெய்த் தாங்கி. அடையாள அட்டை இல்லாத ஒரு தமிழன், வேறு ஒன்பது பேருடைய அட்டைகளோடு, எண்ணெய்த் தாங்கியைப் பற்றி மாலை நேரத்தில் தானாகவே பேசுகிறான். நான் சொன்ன உண்மை ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிட மோசமாக இருந்தது. நிறுத்தவும் தெரியவில்லை. தாங்கிக்குள் எத்தனை பேர் போகலாம், மூடி எவ்வளவு அகலம், எந்த நேரத்தில் காவல் மாறும் என்பதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். என்னை நிரபராதி என்று காட்டத்தான்.

“ஏழரைக்கு ஜீப் வரும்” என்றார் சார்ஜன். “மிச்சத்தைப் பெரிய இடத்தில் சொல்லு.” என்னை வாங்கில் இருத்தினார்கள்.

அந்த வாங்கில் இருந்தபோது பயந்தேன். பகிடி எல்லாம் பிறகு வந்தது. மகளுக்கு இரவுச் சாப்பாடு ஊட்டுவது நான். அதைப் பற்றியே மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

தெருவில் செய்தி என்னைவிட வேகமாகப் போய்விட்டது. சாவடியில் ஒரு பெரிய ஆள் பிடிபட்டிருக்கிறான், அவனிடம் ஒன்பது அட்டை இருந்ததாம், ஒன்பது பெயரில் திரிகிறவனாம். ஒழுங்கையில் கதவுகள் பூட்டுப்படும் சத்தம் எனக்கே கேட்டது. பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். கோயிலுக்குப் புறப்பட்டு வந்த இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். நான் அவர்களுடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். ஒழுங்கைக்குள்ளிருந்து ஒருவர் தனியாக நடந்து வந்தார். குளித்து, வெள்ளைச் சாரமும் வெளுத்த சட்டையும் போட்டிருந்தார். கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, மெதுவாக வந்தார். கங்காணி.

அவரைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம். அட்டை இல்லாத மனிதன் வீட்டுக்குள் கிடக்காமல் சாவடியை நோக்கி எதற்கு நடந்து வருகிறான்? மற்றவர்கள் ஒன்பது அட்டை என்று கேட்டுக் கதவைப் பூட்டினார்கள். அவர் மட்டும் ஒன்பது என்று கேட்டதும் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

அவர் சார்ஜனிடம் சிங்களத்தில் பேசினார். என்னுடையதைவிட நல்ல சிங்களம். அளவாகவும் பேசினார்.

“சேர், இந்த ஐயாவிடம் இருப்பது எங்களுடைய அட்டைகள்.”

“உன்னுடைய அட்டை எங்கே?”

“அதில் மேலே இருக்கிறது, சேர்.”

சார்ஜன் மேலே கிடந்த அட்டையை எடுத்து முகத்தோடு ஒப்பிட்டார். பிறகு மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, யார் இது என்று கேட்டார். கங்காணிக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து ஒவ்வொருவருடைய பெயரும் வீடும் பிள்ளைகள் எத்தனை என்பதும் சொன்னார். சிங்களவர் இருவருடைய பெயரையும் களனியில் அவர்கள் இருக்கும் இடத்தையும் கேட்டபோது சார்ஜனின் முகம் கொஞ்சம் இளகியது. தாங்கிக்குள் போகும்போது எதற்காக அட்டையைக் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். நான் கால் மணித்தியாலம் விளக்கியதைக் கங்காணி ஒரே வசனத்தில் சொல்லி முடித்தார்.

“உள்ளே யாரும் விழுந்து கிடந்தால் இவருக்குத் தெரிய வேண்டும், சேர்.”

“சரி. இவருடைய பெயர் என்ன?”

கங்காணி திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

“தெரியாது, சேர்” என்றார்.

சார்ஜன் பேனையைக் கீழே வைத்தார். “எத்தனை வருடம் ஒன்றாக வேலை?”

“நாலு வருடம், சேர். நாங்கள் கிளாக்கையா என்றுதான் கூப்பிடுவது. பெயர் அவருடைய அட்டையில் இருக்கும்.”

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். பிறந்த திகதி தெரியும். அட்டை இலக்கத்தின் கடைசி நாலு எண்களும் மனப்பாடம். நாலு வருடமாக ஒவ்வொரு நாளும் அவருடைய அட்டையைக் கையில் வைத்திருந்த எனக்கு, என்னுடைய பெயரை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. தாங்கியடியில் நாறியதைவிட அதிகமாக அந்த வாங்கில் என்னை நானே நாறக் கண்டேன்.

சார்ஜன் மற்ற எட்டு அட்டைகளையும் பெட்டிக்குள் போட்டார். பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். இவன் வீட்டுக்கு அழைத்து, ஏழரைக்கு முன் தன்னுடைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லட்டும். அதுவரைக்கும் இந்தப் பகுதியில் குடியிருக்கும் ஒருவர் இவனுக்குப் பொறுப்பு நிற்க வேண்டும். பொறுப்பு நிற்கிறவர் தன்னுடைய அட்டையை இந்த மேசையில் வைக்க வேண்டும். ஏழரைக்கு அட்டை வந்தால் இரண்டு பேரும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகலாம். வராவிட்டால் இரண்டு பேரும் ஜீப்பில்.

அட்டை கங்காணியின் கையில் இருந்தது. சார்ஜன் அப்போதுதான் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அவர் இடுப்பிலிருந்து அந்தத் துணியை எடுத்து, சுற்றி, ஒரு முடிச்சும் போட்டுவிட்டார். அந்த நிமிடமே அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். எல்லாம் சரியாகிவிட்ட மனிதன் அவர். ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், நானும்தான்.

முடிச்சை அவிழ்த்து, அட்டையை மேசையில் வைத்தார்.

சாவடிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து எங்கள் கொமியுனிகேஷனுக்கு அழைத்தேன். அங்கிருந்தவர் எங்கள் மாடிக்கு ஓடி மனைவியைக் கூட்டி வந்தார். விசயத்தைச் சொன்னேன்.

“வாளிக்குள்ள கிடக்கு” என்றாள். “பொறுங்கோ, வாறன்.” அவ்வளவுதான். திட்டவில்லை. அதிலிருந்தே அவள் எவ்வளவு பயந்துவிட்டாள் என்று தெரிந்தது.

அவள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, ஓட்டோ பிடித்து, வழியில் மூன்று இடத்தில் இறங்கி ஏறி, ஏழு மணி இருபதுக்கு வந்து சேர்ந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நனைந்து, சவர்க்காரமும் மசகு எண்ணெயும் சேர்ந்து மணத்த என் அட்டையைச் சார்ஜன் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். நான் சொன்னவற்றில் அவர் முழுமையாக நம்பியது அந்த மணத்தைத்தான். திட்டு எல்லாம் திரும்பி வரும்போது ஓட்டோவில், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் இடைவெளியில்லாமல் கிடைத்தது.

ஆனால் அவள் வருவாள் என்பது அந்த வாங்கில் இருந்தபோது எங்களுக்குத் தெரியாது. ஆறரைக்கு நாங்கள் இரண்டு பேரும் அதில் பக்கத்துப் பக்கமாக இருந்தோம். கங்காணி மேசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அட்டை அங்கே, சார்ஜனின் பிளேன்டீக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. சார்ஜன் கோப்பையை எடுக்கும்போதெல்லாம் கங்காணியின் உடம்பு கொஞ்சம் முன்னுக்குப் போனது.

“அண்ணன், காட்டை வாங்கிக்கொண்டு போங்கோ” என்றேன். “உங்களுக்கு ஏன் இந்த வேலை? நான் எப்பிடியாவது கதைச்சுச் சமாளிக்கிறன்.”

“நீங்க கதைக்க வேணாங்க” என்றார். “நீங்க கதைக்கக் கதைக்க கேஸு பெருசாகுது.”

நாலு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் பகிடி அது. சிரிக்க முயன்றேன், அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் காணாதவர்போலத் தெருவைப் பார்த்தார். ஒழுங்கையின் வாசலில் ஒரு பெண் கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டு இங்கேயே பார்த்து நின்றாள். அவருடைய மனைவியாக இருக்க வேண்டும். அவர் கையால் உள்ளே போகச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் போகவில்லை.

ஏழு மணி அடித்தது. தெருவில் எந்த வாகனம் திரும்பினாலும் அது ஜீப்பாக இருக்குமோ என்று இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்தோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, கேட்கக் கூடாததைக் கேட்பவர் போலக் கேட்டார்.

“கிளாக்கையா, உங்க பேரு என்னங்க?”

சொன்னேன்.

சார்ஜன் மறுபடி கேட்டால் பிழைவிடக் கூடாது என்று, அவர் அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.